ஆல்பத்தில் அம்மா

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது பல் ஆஸ்பத்திரியில் கௌசிகாவின் பற்களை வெளுத்தார்கள். பிறந்ததிலிருந்து குடித்த போர்வெல் தண்ணீரின் பழுப்பு அது. அவள் ஊரில் எல்லோர் பல்லும் அப்படித்தான். ஈறின் கறுப்பு மட்டும் அம்மாவிடமிருந்து வந்தது. அதை லேசரால் சுட்டு எடுத்தார்கள். புண் ஆறும்வரை அம்மாதான் கஞ்சியை ஆறவைத்து ஸ்பூனில் ஊட்டினாள்.

முகூர்த்தத்தன்று மணமகள் அறையில் கௌசிகா அம்மாவின் காதருகே குனிந்தாள். "போட்டோ எடுக்கறப்ப மட்டும் வாயத் தொறந்து சிரிச்சிடாதம்மா." தெருவுக்கே கேட்கும்படி சிரிக்கிற அம்மா, சரியென்று தலையாட்டினாள். போட்டோக்காரர் "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்று கேட்கக் கேட்க உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

மறுமாதம் ஆல்பம் வந்தது. மாமியார் அதை மடியில் வைத்துப் புரட்டினார். தாரை வார்க்கும் படத்தில் அவர் விரல் நின்றது.

"என்ன கௌசிகா, உங்கம்மாவுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமே இல்லயா? ஒரு போட்டோலகூட மூஞ்சில சிரிப்பக் காணோமே."

"எங்கம்மா எப்பவுமே சிடுமூஞ்சிதான், அத்தை" என்றாள் கௌசிகா, வெள்ளைப் பற்களும் இளஞ்சிவப்பு ஈறும் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டே.