கொஞ்சம் திட்டுங்க, மேடம்

"மேடம், என் பொண்ணோட பாட்டை நீங்க கிழிகிழின்னு கிழிக்கணும்."

ஸ்டூடியோவின் கனத்த கதவைத் தள்ளப் போனவள் அப்படியே நின்றாள். வரவேற்பறை சோபாவிலிருந்து எழுந்து வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் குடை இருந்தது. இருந்தும் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கிழிக்கணுமா? புகழச் சொல்லித்தானே எல்லாரும் வருவாங்க?"

"எனக்குப் புகழ் வேண்டாம் மேடம். பொண்ணுதான் வேணும்."

வானொலியில் வாராவாரம் அவளுடைய நிகழ்ச்சி. பெரிய கம்பெனி எதுவும் கைகொடுக்காமல் சொந்தமாக ராக், பாப் ஆல்பம் போடுகிற சின்னக் குழுக்களின் புதுப் பாட்டுகளை ஒலிபரப்பி, நேரலையில் விமர்சித்து, ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் கொடுப்பாள். நேயர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கத்தரி. சிபாரிசு என்று யாராவது வந்துவிட்டால் தீர்ந்தது. போன வாரம் ஒருவர் பரிசுப் பெட்டியோடு வந்து, மருமகனின் ஆல்பத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னார். அவள் அதை அப்படியே மைக்கில் போட்டு உடைத்து, மருமகனுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து அனுப்பினாள்.

"எந்தக் குழு?" என்றாள்.

"'நாலாவது மாடி'ன்னு ஒரு குழு. அதுல பாடறது என் பொண்ணு. ஒரே பொண்ணு. நல்ல உத்தியோகத்தை விட்டுட்டு, கிட்டாரைத் தூக்கிட்டு வீட்டை விட்டே போயிட்டா. அவ அம்மா வாசலையே பார்த்துட்டு உக்காந்திருக்கா." அவர் குரல் உடைந்தது. "கத்தரி நல்லா இல்லைன்னு சொல்லிட்டா இன்னைக்கே குழுவைக் கலைச்சிடுவோம்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லியிருக்காளாம். ஒரு வார்த்தை போதும் மேடம். அவ வீட்டுக்கு வந்துடுவா."

"நீங்க அந்தப் பாட்டைக் கேட்டீங்களா?"

"அந்தக் கூச்சலை மனுஷன் கேப்பானா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"கேக்காமலே கிழிக்கச் சொல்றீங்க. உங்க வீட்டுச் சண்டைக்கு என் மைக்கு வாடகைக்கா?"

கதவு திறந்தது. ஒலிப்பதிவாளர் தலையை நீட்டினார். "அக்கா, ஓடற பாட்டு முடியப் போகுது. அடுத்தது 'நாலாவது மாடி'. மூணு நட்சத்திரம்னுதானே சொன்னீங்க?"

"அய்யோ, மூணு குடுத்துடாதீங்க மேடம்!" அவர் அவள் காலில் விழாத குறை. "மூணுன்னா இன்னும் முயற்சி பண்ணுவா. ஒண்ணு குடுங்க. பெத்தவன் கேக்கறேன்."

அவள் உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நிகழ்ச்சி ஒலிக்கும் ஸ்பீக்கருக்குக் கீழே, அவர் கைகூப்பியபடி நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம், மறுபடியும் கத்தரி. அடுத்தது ஒரு புதுக் குழு. பாட்டோட பேரு 'தாழ்ப்பாள்'. கேட்டுட்டு வாங்க, பேசுவோம்."

காலையில் கேட்டபோது குரல் பிடித்திருந்தது. டிரம்ஸ் மட்டும் அளவுக்கு மீறி இரைவதாகத் தோன்றியது. இப்போது அதே டிரம்ஸ், பூட்டிய கதவை உள்ளேயிருந்து ஒருத்தி இரு கையாலும் தட்டுவது போலக் கேட்டது. பூட்டியவர் கண்ணாடிக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. அவர் தலையைப் பலமாக ஆட்டினார். வேண்டாம், வேண்டாம்.

வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு தாய். தான் சொல்லப் போகும் ஒரு எண். வாயில்லாத மைக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தப் பாட்டை மட்டம் தட்டச் சொல்லி ஒருத்தர் என்கிட்ட வந்தார்," என்று ஆரம்பித்தாள். "யாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. புகழுன்னு சொன்னாலும் சரி, இகழுன்னு சொன்னாலும் சரி, இந்த நாக்கு வளையாது. பாடின பொண்ணே, நீ எங்க இருந்தாலும் கேட்டுக்கோ. நிறுத்திடாதே. அஞ்சுக்கு அஞ்சு."

ஒலிப்பதிவாளரின் புருவம் நெற்றிக்கு ஏறியது. விளம்பரம் ஓட ஆரம்பித்ததும், "மூணு எப்படிக்கா அஞ்சாச்சு?" என்றார்.

"மறுபடி கேட்டேன். மாத்திக்கிட்டேன். உனக்கு என்ன?"

கண்ணாடிக்கு வெளியே அவர் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஜெயித்தது அவள்தான். ஆனாலும் நெஞ்சில் ஏதோ முள்ளாக உறுத்தியது. சோபாவில் அவர் குடை கிடந்தது. அடுத்த பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். ஒரு ஆறுதல் வார்த்தையாவது சொல்ல வேண்டும்.

வாசல் தூணுக்குப் பின்னால், அவளுக்கு முதுகு காட்டி அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். மறு கை விரல்கள் தூணில் 'தாழ்ப்பாள்' பாட்டின் டிரம்ஸை ஒரு அடி பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தன.

"கேட்டியா? அஞ்சுக்கு அஞ்சு! பாப்பா ரூம் கதவைத் திறந்துட்டாளா? அழறாளா, சிரிக்கிறாளா? ரெண்டுமா? சரி, முதல்ல அவளைச் சாப்பிட வை. நான் இங்க வந்ததைப் பத்தி மூச்சு விடாதே. குடையை விரிக்காம நனைஞ்சது வீண் போகலை. நல்லதா சொல்லுங்கன்னு கேட்டிருந்தா அந்தக் கத்தரி நம்ம பொண்ணையும் கத்தரிச்சிருக்கும்டி. அதான் எதிர்ப்பக்கமா இழுத்தேன்!"