நாலாவது ஆணி

பழைய கார்களின் கம்பிச் சக்கரத்தை விலை பேசுவதில் நோரிஸ் பார்ஜெட்டர் பலே கில்லாடி. ஸ்பேனரால் கம்பியைத் தட்டுவான். கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் சொத்தை. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் கட்டைவிரலைக் கம்பியில் அழுத்திக்கொண்டு தட்டுவான்.

கவெண்ட்ரியில் ஈனிட் அம்மாளின் கராஜில் மூன்று ஜாகுவார் சக்கரங்கள் ஆணியில் தொங்கின. நாலாவது ஆணி காலி.

"மூணுக்கு என்ன மதிப்பு? நாலு இருந்தாத்தானே செட்டு!" என்றான்.

"நாலாவதைக் கழுவிட்டு வரேன்னு என் வீட்டுக்காரர் வில்ஃப் கால்வாய்க்குத் தூக்கிட்டுப் போனார். ரெண்டுமே திரும்பல," என்றாள் ஈனிட், தேநீரைக் கலக்கியபடி.

நோரிஸ் விரலை வைத்துத் தட்டினான். கணீரென்றது. இன்னும் அழுத்திக்கொண்டு தட்டினான். மறுபடியும் கணீர். சத்தம் காலி ஆணியிலிருந்து வந்தது.

"விரலை எடுப்பா. அவரும் விரலை வெச்சுத்தான் இதையெல்லாம் வாங்கினார். அடுத்தவன் வெச்சா மட்டும் அவருக்கு ஆகாது."

வாழ்நாளில் முதல் தடவையாக நோரிஸ் நியாயமான விலை சொன்னான். மூன்றையும் வேனில் ஏற்றினான். வீட்டுக்கு வந்து வேன் கதவைத் திறந்தபோது நாலு இருந்தன. ஒன்றிலிருந்து பாசித் தண்ணீர் சொட்டியது.

உடனே ஈனிடுக்குப் போன் போட்டான்.

"அங்கேயா வந்துட்டார்? திருப்பிக் கொண்டாந்துடாதப்பா," என்றாள் ஈனிட். "அவருக்கு டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை."