ஜென்மத்துக்கும் மறக்காத மூஞ்சி

காவல் நிலையத்தின் பின்பக்கம், சுவரோரமாக எங்களை வரிசையாக நிறுத்தினார்கள்.

எல்லோரும் ஒரே நிறம். அடுப்புக்கரிக்கு அண்ணன் தம்பிகள்.

கைப்பையைப் பறிகொடுத்த அம்மாள் புகாரில் சொன்னது இவ்வளவுதான்: கறுப்பாக இருந்தான், ஒல்லியாக இருந்தான். இந்த அடையாளத்தை வைத்து எங்கள் தெருவையே அள்ளிக்கொண்டு வரலாம்.

அகப்பட்டவன் என் பக்கத்தில் நின்ற பெயிண்டர். மற்றவர்கள் ஒப்புக்கு நிற்பவர்கள். அம்மாளின் விரல் அவனைக் காட்டிவிட்டால் தீர்ந்தது, ஜெயில்தான்.

பை பறிபோன அன்றைக்கு அவன் சாரத்தில் நின்று ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான்; தெருவுக்கே தெரியும். இன்ஸ்பெக்டரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். உன் தெருக்காரன் என்றால் நீ பரிந்துகொண்டு வருவாயா என்று என் வாயை அடைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணே, எம் புள்ளைய பாத்துக்கங்க” என்றான் பெயிண்டர்.

வாயைக் கழுவு என்று அதட்டினேன்.

அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி வந்தார். குளித்துவிட்டுத்தான் நின்றிருந்தேன், சத்தியமாக!

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெயிண்டர் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு ஓரடி நகர்ந்தார். விரல் என் மூக்குக்கு நேரே நீண்டது.

“இவனேதான்! இந்த மூஞ்சிய ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.”

நன்றாகப் பாருங்கள் என்று இன்ஸ்பெக்டர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அம்மாள் அசையவில்லை. என் திருட்டு முழியே காட்டிக்கொடுக்கிறதாம்.

இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை. பை பறிபோன நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்பது அவருக்கே தெரியும். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த விரலை விட்டால் வழக்குக்கு வேறு சாட்சியும் கிடையாது. அதுவும் போச்சு!

வீட்டுக்குப் போ என்று பெயிண்டரைப் பார்த்து இன்ஸ்பெக்டர் கையை ஆட்டினார். அவன் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். எனக்கோ சிரிப்பு பீறிட்டது. அப்பாடா, என்ன சந்தோஷம்!

ஆள் குறைகிறது, நீயும் அதே கலர்தானே, போய் நில் என்று காலையில் என்னை அனுப்பியவரும் இதே இன்ஸ்பெக்டர்தான்.

உள்ளே போனேன். யூனிஃபார்மை மாட்டி, தொப்பியைச் சரிசெய்து, ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன்.