எண்பத்திரண்டு சதவீதம்

வெங்காய மண்டி வாசலில் ஏட்டு தன் செல்பேசியை வியாபாரி தங்கப்பழத்தின் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் எடுத்தார். திருட்டு வழக்கில் தேடப்படுகிற ஆளோடு முகம் எண்பத்திரண்டு சதவீதம் ஒத்துப்போகிறது என்று அது காட்டியது.

"ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க அண்ணாச்சி."

போன மாதம் அந்த ஸ்டேஷனுக்குள் நடந்து போன ஒருவனைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து அங்கே கேமரா பழுது என்றார்கள். அடுத்தவன் தராசையே நம்பாத தங்கப்பழம் இதையா நம்புவார்?

"எண்பத்திரண்டு ஜாஸ்தி ஏட்டையா. கண்ணாடியைப் போட்டுக்கிடுதேன், இன்னொரு தடவை எடுங்க."

எழுபத்தைந்துக்கு வந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். எழுபதுக்குக் கீழே போனால் விட்டுவிடலாம் என்று ஏட்டும் இறங்கி வந்தார்.

"சரக்கைக் கண்ணுல காட்டாமலே விலை பேசுதீங்களே. அந்த ஆளு படத்தைக் காட்டுங்க."

ஏட்டு காட்டினார். படத்தில் இருந்தவன் தங்கப்பழத்தின் தம்பி. பொங்கலுக்கு இவர் எடுத்துக் கொடுத்த சட்டையைப் போட்டிருந்தான்.

"ஆளு யாருன்னு தெரியுதா அண்ணாச்சி?"

தங்கப்பழம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெயிலுக்கு வந்து நின்றார்.

"எழுபத்தைந்து ரொம்பக் குறைச்சல் ஏட்டையா. இப்ப நல்லா எடுங்க."