எப்படி விழுந்தா?

“எப்படி விழுந்தா?”

“மாடிப்படியில உருண்டு விழுந்துட்டா, டாக்டரம்மா.”

வெங்கடேஸ்வரி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக் கட்டிலில், அவளுடைய மூன்று வயது மகள் கோதை இடது கையை அசைக்க முடியாமல் கிடந்தாள். அழவில்லை. அதுதான் டாக்டர் ஜெபாவை முதலில் உறுத்தியது.

வலிக்கு மருந்து கொடுத்து, கை அசையாமல் கட்டிவிட்டு, ஜெபா குழந்தையின் கவுனை மெல்ல விலக்கிப் பார்த்தாள். முதுகில் விரல் பதிந்த தடங்கள். காதுமடலுக்குப் பின்னால் கன்றிப்போன நீலம்.

“எந்தப் படியில இருந்து விழுந்தா?”

“படி இல்ல டாக்டரம்மா... கட்டில்ல இருந்து.”

பக்கத்தில் நின்ற அவள் கணவன் ஜெயபாண்டி முறைத்தான். “ஏட்டி, என்ன உளறுத? மாடிப்படியிலதான விழுந்தா?” ஜெபாவிடம் திரும்பியதும் குரல் தணிந்தது. “பதட்டத்துல பேசுதா டாக்டரம்மா. நான் மில்லுக்குப் போயிட்டேன். புள்ளைய இவதான் பாத்துக்கிடுதா.”

“நீங்க செத்த நேரம் வெளிய இருங்க.”

“எம்புள்ள இப்படிக் கெடக்கா. நான் எங்க போக?” அவன் நகரவில்லை.

எக்ஸ்ரே வந்தது. மேல்கை எலும்பு முறுக்கிக்கொண்டு உடைந்திருந்தது. யாரோ பிடித்துத் திருகிய உடைப்பு. அதற்குக் கீழே, முன்பே உடைந்து கூடியிருந்த இன்னொரு எலும்பு.

“கடைசியா கேக்கறேன். என்ன நடந்துச்சு?”

“ஊஞ்சல்ல ஆடுதப்ப...” என்று இழுத்தாள் வெங்கடேஸ்வரி.

பெற்றவளா இவள்? ஜெபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தில் காட்டாமல் நர்ஸ் சம்சாத் பேகத்தை ஓரமாக அழைத்தாள்.

“போலீசுக்கும் குழந்தைகள் உதவி நம்பருக்கும் போன் பண்ணுங்க. நான் புள்ளைய விட்டு நகர மாட்டேன்.”

ஜெயபாண்டி பொறுமை இழந்திருந்தான். “கட்டுதான் போட்டாச்சுல்லா? கிளம்புதோம். தளவாய்புரம் பஸ்ஸைப் பிடிக்கணும். இவகிட்ட வீட்டுல போயி நான் கேட்டுக்கிடுதேன்.” குழந்தையைத் தூக்கக் குனிந்தான்.

“தொடாதீங்க!” ஜெபா குறுக்கே நின்றாள். “இவளை அட்மிட் பண்ணியாச்சு.”

அவன் இன்னும் ஓர் அடி நெருங்கி வந்தான். ஜெபாவின் கை கட்டில் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டது.

கதவு திறந்தது. ஏட்டு ஒருவரும் ஒரு பெண் காவலரும் உள்ளே வந்தார்கள். தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும் என்று ஏட்டு ஜெயபாண்டியை வெளியே அழைத்துப் போனார். பெண் காவலர் கதவைச் சாத்தினாள்.

ஜெபாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “மூணு தடவை கேட்டேன், மூணு விதமா சொன்னீங்க. ஒரு பொய்யைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலையே!”

சாத்திய கதவை வெங்கடேஸ்வரி பார்த்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

“போன தடவை ராஜபாளையத்துல ஒரு ஆஸ்பத்திரியில, எங்க வீட்டுக்காரவிய சொல்லிக்குடுத்த பொய்ய ஒழுங்காத்தான் சொன்னேன் டாக்டரம்மா. நம்பி, கட்டுப் போட்டு, புள்ளைய அவிய கையிலயே குடுத்து அனுப்பிட்டாங்க. நீங்களும் நம்பிரக் கூடாதுன்னுதான் இன்னைக்கு மாத்தி மாத்திச் சொன்னேன்.”