கழுத்துக்கு மேலே

"நல்லாருக்குக்கா" என்றாள் மதுநிஷா.

படம் எடுத்தவள் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

ஜவுளிக்கடையில் பிறந்து ஜவுளிக்கடையிலேயே வாழ்க்கைப்பட்டவள். அந்தச் சொல்லின் எடை அவளுக்குத் தெரியும். வாங்க வந்தவள் வாயில் அது வராது. சாயம் போகும் என்பாள், நூல் முரடு என்பாள், எதிர்க்கடையில் இதையே பாதி விலைக்குத் தருகிறான் என்று கூசாமல் பொய் சொல்வாள். வாங்காமல் எழுந்து போகப் போகிறவள்தான் சேலையைத் தடவிக் கொடுத்து, நல்லாருக்கு என்பாள்.

அவள் எடுத்த முதல் ஆள் படம் இது. அதுவரை எடுத்ததெல்லாம் சேலை.

மதுநிஷா மாடியில் குடியிருப்பவர்களின் மகள். காலேஜில் கடைசி வருஷம். வகுப்பு ஆல்பத்துக்கு ஆளுக்கொரு படம் வேண்டும், சேலையில். இவளுடைய படம் பிடித்துப்போனால் மற்றப் பெண்களும் வருவதாகப் பேச்சு.

கேமரா கடையுடையது. சேலையும் கடையுடையது, விலைச்சீட்டைக் கிழிக்காமல் உள்ளே மடித்துச் செருகி நேற்று கட்டிவிட்டிருந்தாள். ஆசை மட்டும்தான் அவளுடையது. கணவனிடம் சொல்லும்போதுகூட, சும்மா விளையாட்டுக்கு என்றுதான் சொல்லி வைத்திருந்தாள்.

குறை சொல்லு என்று கேட்டாள். காபி போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்டாள்.

மதுநிஷா சூப்பர் என்றாள். வெளிச்சம் அருமை என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சேலை நல்லா வந்திருக்குக்கா. நாந்தான் வரலை."

படம் எடுத்தவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கொசுவம் கத்தி மாதிரி நின்றது. சரிகையை இழை இழையாக எண்ணலாம். நீட்டிய கையில் முந்தி விரிந்து, பூவேலை முழுசும் தெரிந்தது. கீழே ஒரு நம்பரைப் போட்டு, வேறு கலரும் உண்டு என்று எழுதி, அப்படியே வாட்ஸாப் குரூப்பில் தள்ளிவிடலாம்.

முகம்?

மேல் விளிம்பில், நிலைப்படியில் தலை இடித்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு படத்தில் நெற்றி இல்லை. இன்னொன்றில் மூக்கோடு சரி.

கடைப் பழக்கம்.

குரூப்பில் போகும் படங்களுக்குச் சேலை கட்டி நிற்பது வீட்டுப் பெண். வீட்டுப் பெண்ணின் முகம் ஊர் ஊராகப் போகலாமா? கழுத்தோடு நிறுத்து என்பது மாமனார் போட்ட சட்டம். கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஓடிப் போய் நிற்பாள். ஓடி வந்து பார்ப்பாள். நிற்பவளும் அவள்தான், வெட்டுபவளும் அவள்தான்.

தூத்துக்குடி வரைக்கும் அவள் தோள் பிரபலம். பக்கத்துத் தெருவில் அவளை யாருக்கும் தெரியாது.

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மதுநிஷா சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

பிறகு பிடித்துக்கொண்டாள். இது என் கையா, கடை வாசல் பொம்மைக் கையா என்றாள். கண் ஏன் தரையில் கிடக்கிறது, பார்டரைப் பார் என்று சொன்னது யார் என்றாள். இடுப்பில் விலைச்சீட்டு குத்திக்கொண்டிருந்தால் முகம் எங்கிருந்து மலரும் என்றாள். கன்னத்துப் பரு எங்கே போயிற்று, முதல் வருஷத்திலிருந்து கூடவே வந்த பரு அது, அதில்லாமல் போனால் வகுப்பில் ஒருத்திக்கும் தன்னை அடையாளம் தெரியாது என்றாள்.

லேப்டாப்பில் நூல் பிசிறை அழித்த கையோடு படம் எடுத்தவள் அதையும் அழித்திருந்தாள்.

மதுநிஷா திரையைத் தட்டித் தட்டிப் பேசினாள். புருவம் ஏறியது. காதோரம் முடி கழன்று விழுந்தது, ஒதுக்கவில்லை. ஜன்னல் வெயில் ஒரு கன்னத்தில் மட்டும் கிடந்தது. பரு இருந்த கன்னம்.

பேரம் நடக்கும்போது கடைக்காரர்கள் சேலையைப் பார்ப்பதில்லை. சேலை எங்கே போய்விடப் போகிறது? எதிரே இருக்கும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எந்த மடிப்பில் கண் நின்றது, எந்தப் பொய்க்கு மூக்கு விடைத்தது என்று. அது அவளுக்குத் தூக்கத்திலும் வரும். கேமராவோடு சேர்த்துச் செய்யலாம் என்றுதான் இத்தனை நாள் தோன்றவில்லை.

கேமரா மடியில் இருந்தது.

நில் என்று சொல்லவில்லை. கையை நீட்டு என்று சொல்லவில்லை. எடுத்து, அழுத்தினாள்.

மதுநிஷாவின் பேச்சு பாதியில் நின்றது. கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள்.

தெருவில் ஒரு வண்டி வெகுநேரமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

பல் தெரிகிறது என்றாள். மூக்கு ஒரு ஊருக்கு இருக்கிறது என்றாள். தலை காக்காய்க்கூடு என்றாள். வீட்டில் போடுகிற சாயம் போன சுடிதாரில் எவளாவது படத்துக்கு உட்காருவாளா என்றாள்.

"அப்படியே எங்கம்மா, தண்ணி லாரிகிட்ட சண்டைக்கு நிக்கிற மாதிரியே இருக்கேன்."

ஆல்பத்துக்கு வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம் என்று சொல்லிக் கேமராவை நீட்டினாள். நீட்டினாளே தவிர, விரல்களை உடனே விடவில்லை.

படம் எடுத்தவள் வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் வாயைத் திறந்து வியாபாரம் கெட்ட கடைகளை அவள் பார்த்திருக்கிறாள்.

மதுநிஷா போய்விட்டாள். மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது.

"அக்கா, அதை அழிச்சிராதீங்க."