கூட்டல் தெரியாத தலைவி

"கூட்டல் தெரியாதவங்களுக்குத் தலைவர் நாற்காலி எதுக்கு? எழுந்து வீட்டுக்குப் போங்க டீச்சரம்மா!"

பொருளாளர் மேசையில் அடித்த அடியில் பேனா டப்பா கவிழ்ந்து, பேனாக்கள் தரையில் உருண்டன. முதியோர் நல மையத்தின் முன்னறையில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓய்வு பெற்ற ஆடிட்டர் அவர். காசு வாங்காமல் மையத்தின் கணக்கைப் பார்க்கிறார். பெரியவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் குக்கர். வழக்கமாகப் போனிலேயே விசிலடித்து முடித்துவிடுவார். இன்று ஆவி தாங்காமல் நேரிலேயே வந்துவிட்டார்.

மூலையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்கடைக்காரிக்கு ரத்தம் கொதித்தது. தினமும் கடையைத் திறப்பதற்கு முன்னால் இங்கே வந்து, தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து நலம் விசாரிப்பது அவள் வேலை. யாராவது எடுக்காவிட்டால் வேன் டிரைவர் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவார்.

"நேத்து பால் செலவையும் டீசல் செலவையும் சேர்த்தா என்ன வரும்? காலையில நீங்க போன்ல சொன்னது என்ன? சின்னப் பசங்ககூட விரல் விட்டு எண்ணிச் சரியாச் சொல்லிடும்!"

"தப்புதான் சார். கவனிக்கல," என்றார் டீச்சர். மையத்தின் தலைவியான அவருக்கும் சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும்.

"நேத்தும் கவனிக்கல, முந்தாநாளும் கவனிக்கல! மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா அனுப்புங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? பொழுது விடிஞ்சா போனைப் போட்டு ஒப்பிக்கிறீங்க. அதையும் தப்பா ஒப்பிக்கிறீங்க! உங்களுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்து முடிக்கிறதுக்குள்ள, அடுப்புல வச்ச பால் மொத்தமும் பொங்கி ஊத்திடுச்சு!"

"ஸாரி சார்."

"உங்க ஸாரியை பேங்க்ல போட முடியுமா? கையில இருக்கிறது ரெண்டு மாச வாடகைக்குத்தான் காணும். வேனை நிறுத்த முடியாது. டாக்டரை வர வேண்டாம்னு சொல்ல முடியாது. இதோ, இதை நிறுத்துங்க!" அவர் விரல் தொலைபேசியை நோக்கி நீண்டது. "போன் பில்லு, கதவைத் தட்ட ஓடுற வண்டிக்கு டீசலு... எல்லாம் தண்டம்! தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களான்னு தினம் விசாரிக்க அவங்கல்லாம் என்ன கைக்குழந்தையா?"

டீச்சரின் முகம் சிவந்தது. முதல் முறையாக அவர் குரலும் உயர்ந்தது.

"போன மாசம் குளியலறையில விழுந்து கிடந்தாரே பழைய தபால்காரர், அவரை எப்படிக் கண்டுபிடிச்சோம்? போனை எடுக்கலைங்கிறதாலதான்! இதுல கை வைக்க நான் விடமாட்டேன். யாரு சொன்னாலும் சரி!"

"அப்படியா? அப்ப நான் கை கழுவறேன்! வேற ஆளைப் பார்த்துக்குங்க. இனிமே கணக்குன்னு எனக்குப் போன் வரக் கூடாது!"

விட்டது தொல்லை என்று தையல்கடைக்காரி மனசுக்குள் குதித்தாள். ஆனால் டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"சார், சார்... கோவிச்சுக்காதீங்க. போன் செலவை என் பென்ஷன்லேர்ந்து நானே கட்டிடறேன். நீங்க மட்டும் போகாதீங்க. இந்தக் கணக்கு எனக்குத் தனியா வராது."

"வராதுன்னுதான் ஊருக்கே தெரியுதே!" வலது செருப்பில் இடது காலைத் திணித்து, செருப்பையும் ஒரு பாட்டம் திட்டி, மாற்றிப் போட்டுக்கொண்டார். "புது ஆள் கிடைக்கிற வரைக்கும்தான், சொல்லிட்டேன். நாளைக்கும் தப்பா சொல்லுங்க, அப்ப இருக்கு!"

கேட் படாரென்று சாத்திக்கொண்டது. கேரம் காய்கள் மறுபடியும் ஓட ஆரம்பித்தன.

தையல்கடைக்காரி அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. "உங்களுக்கு ரோஷமே கிடையாதா டீச்சர்? தானாப் போற மனுஷனை வாசலை மறிச்சுக் கெஞ்சறீங்க! இப்படி இடம் குடுக்கிறதாலதான் அவர் உங்க தலையில மிளகாய் அரைக்கிறார். இந்த வாரக் கூட்டத்துல நானே எழுந்து கேட்கப் போறேன், ஒண்ணு அவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு!"

டீச்சர் குனிந்து பேனாக்களைப் பொறுக்கினார். "நம்ம ஆளுங்க எல்லாரும் போனை எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க. பேச்சை மாத்தாதீங்க! அப்படி என்ன பெரிய கணக்கு? இனிமே நான் போட்டுத் தர்றேன்." மேசை மேல் கிடந்த ரசீதுகளை வெடுக்கென்று எடுத்து, கால்குலேட்டரை அடிக்க ஆரம்பித்தாள். "பாலு முன்னூத்தி எழுபத்தஞ்சு. டீசலு..."

"ரெண்டும் சேர்ந்து எண்ணூத்தி அறுபத்து மூணு," என்றார் டீச்சர், தரையிலிருந்து தலையைத் தூக்காமலே.

தையல்கடைக்காரி அடித்து முடித்துப் பார்த்தாள். எண்ணூற்று அறுபத்து மூன்று.

"இவ்வளவு சரியாத் தெரியுது... அப்ப காலையில அவருக்கு என்ன சொன்னீங்க?"

"எண்ணூத்தி முப்பத்தாறு."

"ஏன் டீச்சர்?"

டீச்சர் பேனாக்களை டப்பாவில் போட்டார்.

"சம்சாரம் போனதுலேர்ந்து அந்த வீட்டுல அவர் ஒத்தை ஆளு. உன் போன் பட்டியல்ல பேரைச் சேர்க்கட்டுமான்னு கேட்டதுக்கு, 'நான் என்ன கைக்குழந்தையா'ன்னு குதிச்சார்," என்றபடி டீச்சர், நாளைக் காலை அவரிடம் சொல்ல ஒரு தப்பைத் தேடி ரசீதுகளைப் புரட்டத் தொடங்கினார்.